விமானம் நிலைகுலையாதிருக்க அளவுகோல் தந்த ஹெண்ட்ரிக் போடே

புது தில்லி: பொதுக்கூட்ட மேடையில் தலைவர் பேசத் தொடங்கும் நேரத்தில் ஒலிபெருக்கி திடீரென ஊளையிடுவதைக் கேட்காதவர் இருக்க முடியாது. பெட்டியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து, மேலும் பெருகி, சுற்றிச் சுற்றி வருவதே அதற்குக் காரணம். இதே கோளாறு போர் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்தால் விமானியின் உயிருக்கே ஆபத்து. அந்த ஆபத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதை அளந்தறியும் வழியை வகுத்தவர் கணித அறிஞர் ஹெண்ட்ரிக் போடே.

அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1905 டிசம்பர் 24-ம் தேதி பிறந்த போடே, பேராசிரியர் ஒருவரின் மகன். 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட அவருக்கு, வயது போதாது என்று கூறி இலினாய் பல்கலைக்கழகம் இடம் மறுத்தது. அதே பல்கலைக்கழகம் 1977-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1926-ல் முதுகலைப் பட்டம் பெற்று, அவ்வாண்டே பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

நெடுந்தொலைவுத் தொலைபேசிப் பேச்சைப் பெருக்கும் கருவிகள் குரலைச் சிதைத்து வந்த காலம் அது. வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பினால் சிதைவு குறையும் என்று சக ஊழியர் ஹெரால்டு பிளாக் 1927-ல் கண்டறிந்தார். ஆனால், திரும்பி வரும் அலை தாமதமாகிறது. அது அரைச் சுற்று, அதாவது 180 பாகை, பின்தங்கினால் எதிர்க்க வேண்டிய அலை ஆதரிக்கும் அலையாகிவிடும். அப்போது அதன் வலிமையும் குறையாமல் இருந்தால் கருவி ஊளையிடும். அது எப்போது நிகழும் என்பதற்கான விதியை ஹாரி நைக்விஸ்ட் 1932-ல் வகுத்தார்.

நிலைக்குமா, நிலைக்காதா என்ற கேள்வியோடு போடே நிறைவடையவில்லை. வெப்பத்தாலும் வயதாலும் உறுப்புகளின் தன்மை மாறும். காகிதத்தில் நிலைத்தது களத்தில் தடுமாறலாம். எனவே, இரண்டு அளவுகளை முன்வைத்தார். தாமதம் 180 பாகையைத் தொடும் இடத்தில், பெருக்கம் ஒன்றுக்கு எவ்வளவு கீழே உள்ளது என்பது கெயின் மார்ஜின். பெருக்கம் சரியாக ஒன்றாகும் இடத்தில், தாமதம் 180 பாகையை எட்ட இன்னும் எவ்வளவு உள்ளது என்பது ஃபேஸ் மார்ஜின். இரண்டையும் எளிய வரைபடங்களில் காணச் செய்தார். பெருக்கத்தைச் செங்குத்தாகக் குறைத்தால் தாமதம் கூடும். இவ்விரண்டையும் தனித்தனியே விரும்பியபடி அமைக்க முடியாது என்பதையும் 1940-ல் நிறுவினார். 1945-ல் வெளியான அவரது நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்பு பீரங்கிகளைத் தானாகக் குறிவைக்கச் செய்யும் கருவிகளின் ஆய்வில் ஈடுபட்டார். அதற்காக 1948-ல் அமெரிக்க அதிபரின் சான்றிதழ் பெற்றார். 1967-ல் பெல் ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1974 வரை ஹார்வர்டில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1982 ஜூன் 21-ம் தேதி காலமானார்.

அவரது கணிதம் இந்தியாவுக்குக் கைகொடுத்த தருணம் ஒன்றுண்டு. இலகு ரகப் போர் விமானமான தேஜஸ், வேகமாகத் திரும்புவதற்காக, இயல்பிலேயே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. நொடிதோறும் கணினி திருத்தாவிட்டால் அதனால் பறக்க இயலாது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும் அமெரிக்கா தடை விதித்தது. அந்நாட்டில் கட்டுப்பாட்டு அமைப்புப் பணியில் ஈடுபட்டிருந்த இந்தியக் குழு, அதைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய பணி பெங்களூரில் முடிக்கப்பட்டு, 2001 ஜனவரி 4-ம் தேதி அவ்விமானம் முதன்முறையாகப் பறந்தது.

விமானக் கட்டுப்பாட்டில் 6 டெசிபல், 45 பாகை ஆகியவை நெடுங்காலமாக ஏற்கப்பட்ட பாதுகாப்பு அளவுகள். 6 டெசிபல் என்றால், பெருக்கம் இருமடங்கானால்தான் ஆபத்தின் விளிம்பு வரும் என்று பொருள். தடையால் கருவிகளை நிறுத்திவைக்க முடிந்தது. இந்த அளவுகளைக் கணக்கிடும் வழி, நம் பொறியியல் மாணவர்களின் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது.