நடையா, ஓவியமா?

பியர் ஒகுஸ்த் ரெனுவார் 1841-ஆம் ஆண்டு பிரான்சின் லிமோஜ் நகரில் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதின்ம வயதில் பீங்கான் பாத்திரங்களில் பூ வரைந்து பிழைத்தவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியரானார். ஐம்பது வயதையொட்டி முடக்குவாதம் அவரைப் பற்றியது. விரல்கள் மடங்கின, ஊன்றுகோலும் உதவாமல் போய், 1912 வாக்கில் சக்கர நாற்காலிதான் கதியென்றானது.

மருத்துவர் ஒருவர் விடாமுயற்சியாக அவரை எழுப்பி நிறுத்தினார். ஓவியர் சில அடிகள் நடந்தும் விட்டார். ஆனால், நடப்பதற்கே மனவலிமை முழுதும் செலவாகிறது, ஓவியத்துக்கு மிஞ்சுவதில்லை என்று கூறி மீண்டும் அமர்ந்துவிட்டார். அவர் மகன் ழான் இதனைப் பதிவு செய்துள்ளார். பிறகு ரெனுவார் நடக்க முயலவில்லை, தீட்டுவதை நிறுத்தவுமில்லை.

நாற்காலியில் அமர்வதைத் தோல்வி என்பார்கள் நம்மவர்கள். தீராத மூட்டுவலியால் இரண்டாம் ஆண்டு முதல் நானும் அதில்தான் விரிவுரைக்குச் செல்கிறேன். மண்டபத்தை அடைவதற்குள் தீர்ந்துபோன தெம்பு, இப்போது குறிப்பெடுக்க மிஞ்சுகிறது. ரெனுவார் செய்த கணக்கும் இதுவே அன்றோ!

1919-இல், நாற்காலியில் அமர்ந்தபடியே லூவர் அருங்காட்சியகத்தில் தம் ஓவியத்தைக் கண்டு மகிழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள், 78-ஆம் வயதில் மறைந்தார். இறுதி நாள்கள் வரை தூரிகை அவர் கையில் இருந்தது.