பினே தந்த அளவுகோல்

ஐ.கியூ. என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. அந்த எண்ணுக்கு அடித்தளம் இட்டவர் பிரான்சு நாட்டு அறிஞர் ஆல்ஃபிரட் பினே என்று உளவியல் பாடநூல்கள் கூறுகின்றன. ஆனால், அவர் உயிரோடு இருந்தவரை அப்படியோர் எண் பிறக்கவே இல்லை. குழந்தையின் அறிவை மாறாத ஒரே எண்ணுக்குள் அடைப்பதை அவர் எதிர்த்தவர். குழந்தை உளவியல் பயிலும் நான், இரண்டாம் ஆண்டில் ஓர் இடுபணிக்காக அவர் வாழ்க்கையைப் படித்தபோதுதான் இதை அறிந்தேன். அன்று ஏற்பட்ட வியப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சட்டத்திலிருந்து உளவியலுக்கு

பினே 1857-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நீஸ் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர், தாயார் ஓவியர். பெற்றோர் பிரிந்துவிட, தாயாரே அவரை வளர்த்தார். பாரிசில் பள்ளிப் படிப்பை முடித்து, 1878-இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால், அந்தத் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. மருத்துவம் படிக்க முயன்று அதையும் கைவிட்டார். பிறகு பாரிசின் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளவியல் நூல்களைத் தாமே வாசிக்கத் தொடங்கினார். குடும்பத்தில் வசதி இருந்ததால் அது முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எது நமக்கு ஏற்ற துறை என்று தெரியாமலேயே பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிய நம்மில் பலருக்கு இது ஆறுதலான செய்தி.

பின்னர், சல்பெத்ரியேர் மருத்துவமனையில் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோவிடம் சேர்ந்தார். அங்கு நடந்தது மனோவசிய ஆராய்ச்சி. மனோவசியத்தில் ஆழ்ந்த நோயாளியின் ஒரு பக்கத்து முடக்கத்தைக் காந்தத்தின் உதவியால் மறுபக்கத்திற்கு மாற்றலாம் என்று பினேயும் அவருடைய சகா ஃபெரேயும் அறிவித்தார்கள். பெல்ஜிய அறிஞர் டெல்பெஃப் நேரில் வந்து பார்த்தார். எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் நோயாளியின் முன்னிலையிலேயே வெளிப்படுத்தினார்கள். நோயாளியும் அதற்கேற்ப நடந்துகொண்டார். காந்தத்திற்கு இதில் எந்த வேலையும் இல்லை. இதை டெல்பெஃப் எழுத்தில் வெளியிட்டதும் பினே முதலில் வாதாடினார்; இறுதியில் தவற்றை ஒப்புக்கொண்டு, 1890-இல் அம்மருத்துவமனையை விட்டு விலகினார். ஆய்வாளரின் எதிர்பார்ப்பே ஆய்வின் முடிவுக்குள் புகுந்துவிடும் என்ற பாடத்தை அவர் அதன்பின் மறக்கவில்லை.

வீட்டிலே ஓர் ஆய்வுக்கூடம்

வேலையின்றி இருந்த பினேக்கு வீட்டில் இரண்டு ஆசிரியைகள் காத்திருந்தனர். 1885-இல் பிறந்த மாட்லேனும் 1887-இல் பிறந்த அலிசும் அவருடைய மகள்கள். அவர்களோடு விளையாடியபடியே சின்னஞ்சிறு சோதனைகளைச் செய்தார். கத்தி என்றால் என்ன என்று கேட்டால், குழந்தை அதன் வடிவத்தைச் சொல்லாது. எதற்குப் பயன்படும் என்பதைத்தான் சொல்லும். எண்ணத் தெரியாத வயதில் இரண்டு குவியல்களைக் காட்டினால், அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் குவியலில்தான் அதிகம் என்று நம்பும். இவற்றை 1890-இல் கட்டுரைகளாக வெளியிட்டார்.

மகள்கள் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஆனால், மூத்தவள் கண்ணால் காண்பதை நுணுக்கமாகக் கவனிப்பவள். இளையவள் கற்பனையில் மிதப்பவள். இருவரில் யார் அறிவாளி என்று கேட்பதே பொருளற்றது என்பதைத் தந்தை உணர்ந்தார். பல ஆண்டுகள் அவர்களைக் கவனித்து 1903-இல் ஒரு நூலையே வெளியிட்டார்.

இதற்கிடையில் 1891-இல் சோர்போன் உளவியல் ஆய்வுக்கூடத்தில் சம்பளமின்றிச் சேர்ந்து, 1894-இல் அதன் இயக்குநரானார். ஆயினும், பிரான்சில் பேராசிரியர் பதவி அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை.

பெரிய தலை, பெரிய அறிவு என்று பலரும் நம்பிய காலம் அது. பினேயும் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களின் தலைகளை அளந்தார். கெட்டிக்கார மாணவருக்கும் பின்தங்கிய மாணவருக்கும் இடையே கிடைத்த வேறுபாடு மிகச் சிறியது. அதைவிட முக்கியமானது, அந்தச் சிறு வேறுபாட்டையும் தம் எதிர்பார்ப்பே உண்டாக்கியிருக்கலாம் என்று அவர் தம்மையே சந்தேகித்தது. சல்பெத்ரியேரில் கற்ற பாடம் இங்கே கைகொடுத்தது. தலையை அளப்பதைக் கைவிட்டார்.

30 கேள்விகள்

பிரான்சில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகள் அனைவருக்கும் கல்வியைக் கட்டாயமாக்கியது. வகுப்பறைகள் நிறைந்தன, பாடத்தைப் பின்தொடர முடியாத பிள்ளைகளும் தென்பட்டனர். அவர்களுக்கு என்ன செய்வது என்று ஆராய 1904-இல் கல்வி அமைச்சு ஒரு குழுவை அமைத்தது. பினே அதில் உறுப்பினர். தனி வகுப்பு தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. யாரை அனுப்புவது? ஆசிரியரின் சொல்லை மட்டும் நம்பினால், சேட்டை செய்யும் பிள்ளையையும் பிடிக்காத பிள்ளையையும் அங்கே தள்ளிவிடக்கூடும் என்று பினே அஞ்சினார்.

ஆகவே, இளம் மருத்துவர் தியோடர் சீமோனுடன் சேர்ந்து 1905-இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அதில் 30 சோதனைகள் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்களால் பின்தொடர்வது முதல் படி. மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது, ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வேறுபாடு என்று விளக்குவது எனப் படிகள் ஏறிக்கொண்டே போகும். 1908-இல் இவற்றை மூன்று வயது முதல் 13 வயது வரை வகைப்படுத்தினார். எந்த வயதுப் பிள்ளைகள் செய்வதை இந்தப் பிள்ளை செய்கிறது என்று பார்ப்பதே முறை. அதை அவர் மனநிலை மட்டம் என்று குறித்தார்.

அந்த மட்டம் உயரக்கூடியது என்பதே அவருடைய உறுதியான நம்பிக்கை. பிறவியிலேயே அறிவு இவ்வளவுதான் என்று தீர்ப்பளிப்பவர்களை 1909-இல் வெளியிட்ட நூலில் கடுமையாகச் சாடினார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான வகுப்புகளில் பயிற்சிகளையும் பரிந்துரைத்தார். அசையாமல் சிலைபோல் நிற்கும் விளையாட்டு அவற்றுள் ஒன்று. முதலில் கவனிக்கக் கற்க வேண்டும், பாடம் பிறகு வரும் என்பது அவர் கருத்து. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தம் சோதனையில் கூடுதலாகச் செய்கிறார்கள் என்று பெல்ஜியத்திலிருந்து செய்தி வந்தபோதும் அதை மறைக்கவில்லை. வீட்டுச் சூழலும் மொழியும் விடைகளைப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்தார். 1911-இல் அளவுகோலை மீண்டும் திருத்தினார். அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், 54-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்த பின்

1912-இல் ஜெர்மானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை உண்மை வயதால் வகுத்தார். 1916-இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். ஐ.கியூ. பிறந்தது. ஹென்றி கோடார்ட் போன்றோர் அந்த அறிவைப் பரம்பரைச் சொத்தாகவே கருதினர். முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 லட்சம் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இவ்வகைத் தேர்வுகள் நடத்தப்பட்டன. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் எனத் தீர்ப்பளித்தது. அவளுக்கு எதிராக வைக்கப்பட்ட சான்றுகளுள், தேர்வு காட்டிய மனவயதும் ஒன்று. உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கச் செய்த கருவி, மனிதரை ஒதுக்கும் கருவியானது.

வேறொரு வழியும் இருந்தது. 1919-இல் பாரிசுக்கு வந்த இளைஞர் ஜான் பியாஜே, பினே நிறுவிய பள்ளி ஆய்வுக்கூடத்தில் சீமோனின் அனுமதியோடு பிள்ளைகளைச் சோதித்தார். சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே அவரை ஈர்த்தன. பிள்ளை ஏன் அப்படி நினைக்கிறது என்று கேட்டார். நாம் இன்று பயிலும் குழந்தை உளவியலின் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததே.

நமக்கு என்ன?

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். 2021-இல் நிறுத்தப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதியவள். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்த பிறகே முதலாம் படிவம் போக முடியும் என்ற நிலை அன்று இருந்தது. என் தோழி ஒருத்தி கணக்கில் எங்கள் எல்லாரையும்விட வேகமானவள். ஒரு மொழித்தாள் அவளைப் புகுமுக வகுப்பில் அமர்த்தியது. வகுப்பின் நோக்கம் நல்லதுதான். மொழிக்கு ஓராண்டு கூடுதல் பயிற்சி. ஆனால், மற்ற மாணவர்கள் அதை மக்குகளின் வகுப்பு என்று அழைத்தார்கள். கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தினாள். அவளுடைய கணக்கை யாரும் அளக்கவில்லை.

பினேயின் அச்சம் இதுதான் என்று நூலகத்தில் படித்தபோது எனக்கு உறைத்தது. அளப்பதில் தவறில்லை. அளக்காவிட்டால், உதவி தேவைப்படும் பிள்ளை கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்தே காலத்தைக் கழித்துவிடும். அளந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறோம் என்பதே கேள்வி.

நண்பர்களே, நம்மில் பலர் வார இறுதியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். சிலர் நாளை ஆசிரியராவோம். எல்லாரும் அண்ணனாக, அக்காளாக, பெற்றோராக இருப்போம். அடுத்த முறை ஒரு பிள்ளை 28 புள்ளிகள் பெற்ற தாளை நீட்டினால், அந்த எண்ணுக்குக் கீழே செல்லுங்கள். எந்தக் கேள்வி வரை அது ஏறி வந்தது, எந்தப் படியில் நின்றது, ஏன் அப்படி எழுதியது என்று அதனிடமே கேளுங்கள். பிறகு அந்தப் படியிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். பினே செய்யச் சொன்னதும் அதுதான்.