ஈ. கிருஷ்ண ஐயர்

ஈ. கிருஷ்ண ஐயர் (ஆகஸ்ட் 9, 1897 – ஜனவரி 1968) வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், கலை விமரிசகர். சதிர் எனப்பட்ட ஆடற்கலை இழிவாகக் கருதப்பட்ட காலத்தில் அதனைப் பொதுமேடைக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர். தெலுங்கு நாட்டிலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள் மெலட்டூரில் பேணிவரும் பாகவத மேளத்தின் மறுமலர்ச்சிக்கும் துணை நின்றவர்.

இளமை

திருநெல்வேலிச் சீமையில், முக்கூடலுக்கு மேற்கே தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று உயர் நீதிமன்ற வழக்கறிஞரானார். நாடக ஆர்வத்தால் சுகுண விலாச சபையில் சேர்ந்து பெண் வேடங்களில் நடித்தார். காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரத்தில் மாளவிகையாக நடிக்க நாட்டியப் பயிற்சி தேவைப்பட்டது. அதனை மெலட்டூர் நடேச ஐயரிடம் பெற்றார்.

மெலட்டூர் மரபு

தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர், தெலுங்கு அந்தணக் குடும்பங்களுக்கு மெலட்டூரில் வீடும் நிலமும் வழங்கிக் குடியமர்த்தினார். இவ்வூரைச் சேர்ந்த வெங்கடராம சாஸ்திரி இயற்றிய பிரகலாத சரித்திரம் முதலிய தெலுங்கு நாட்டிய நாடகங்கள் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவில் ஆடப்படுகின்றன. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பர். முதலில் கோணங்கி தோன்றுவார். தோடயமங்களம் பாடப்பட்டபின் சிறுவன் ஒருவன் பிள்ளையார் முகமூடியுடன் வருவான். பின்னர் ஒவ்வொரு பாத்திரமும் மிருதங்கம், நட்டுவாங்கம் ஆகியவற்றின் துணையுடன் தனக்குரிய தருவுக்கு ஆடியபடி நுழையும்.

இக்கலை தொழிலாக அன்றி வழிபாடாகவே தந்தையிடமிருந்து மகனுக்குக் கற்பிக்கப்பட்டது. எனவே கற்றுத்தருவோர் மறைந்தால் மரபே அற்றுப்போகும் நிலை இருந்தது. ஊத்துக்காடு, சூலமங்கலம் ஆகிய ஊர்களில் இது நின்றுபோனது. நடேச ஐயருக்குப் பின் மெலட்டூரிலும் தளர்வு ஏற்பட்டது. 1930களின் பிற்பகுதியில் பாலு பாகவதர் முதலிய ஊரார் மீண்டும் நாடகங்களை நடத்தத் தொடங்கினர். கிருஷ்ண ஐயர் அவர்களை ஊக்குவித்ததுடன், தம் எழுத்துகளின் வழியே பாகவத மேளத்தை வெளியுலகம் அறியச் செய்தார்.

சதிர் மீட்பு

தேவதாசி முறை ஒழிப்பு இயக்கம் வலுப்பெற்றபோது சதிர் ஆட்டத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. முறையை ஒழிக்கலாம், கலையை ஒழிக்கலாகாது என்பது கிருஷ்ண ஐயரின் நிலைப்பாடு. இது குறித்து 1932 இல் முத்துலட்சுமி ரெட்டியுடன் நாளிதழ்களில் கடும் விவாதம் நடத்தினார். தாமே பெண் வேடமிட்டும் ஆடிக்காட்டினார்.

1928 இல் தொடங்கப்பட்ட சென்னை சங்கீத வித்வத் சபையின் செயலாளர்களுள் ஒருவராக இருந்த இவரது முயற்சியால், 1931 இல் கல்யாணி அம்மாளின் புதல்வியர் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் ஆகியோர் அங்கு ஆடினர். 1933 சனவரி முதல் நாள் நடைபெற்ற அவர்களது இரண்டாம் நிகழ்ச்சியைக் கண்ட ருக்மிணி தேவி, அவர்களுடைய ஆசான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாட்டியம் பயின்று 1935 இல் அரங்கேறினார். பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றதிலும் கிருஷ்ண ஐயருக்குப் பங்குண்டு.

திறனாய்வு

கலை காக்கப்பட்டபோதிலும், அதனைப் பரம்பரையாகப் பேணிய பெண்கள் மேடையிலிருந்து விலக நேர்ந்தது எனப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். மெலட்டூரிலோ வழிவழிக் குடும்பங்களே ஆடுவோராகத் தொடர்ந்தன. இவர் ஆதரித்த இரு மரபுகளும் இவ்வகையில் வேறுபடுகின்றன.

நூல்களும் சிறப்பும்

இவர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழக நாட்டியங்கள் பற்றிய நூல் 1957 இல் வெளியானது. 1966 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.