அசல் சாண்டோவின் கதை

கட்டுமஸ்தான வாலிபரைக் கண்டால் "சாண்டோ" என்று அழைப்பது தமிழர் வழக்கம். "ஹாத்தி மேரே சாத்தி" படத்தை 1971ல் எடுத்து மும்பையைக் கலக்கிய கோவைக்காரர் சின்னப்பா தேவரும் சாண்டோ என்ற பட்டத்தோடுதான் அழைக்கப்பட்டார். ஆனால் சாண்டோ என்பது ஒரு ஜெர்மானியரின் பெயர்.

1867ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர் யூஜின் சாண்டோ. இயற்பெயர் பிரெடரிக் முல்லர். வாலிப வயதில் ஊரை விட்டு வெளியேறி சர்க்கசில் சேர்ந்தார். பிரசெல்சில் அட்டிலா என்ற பயிற்சியாளரிடம் எடை தூக்கப் பழகினார். 1889ல் லண்டனில் சாம்சன் என்ற மேடைப் பலசாலியின் சவாலை ஏற்று வென்றார். ஒரே இரவில் புகழ் பெற்றார்.

1904-05ல் அவர் இந்தியாவுக்கும் வந்தார். அன்றைய பம்பாய் மக்களும் அவரது உடற்கட்டைப் பார்த்து வியந்தனர்.

முதல் போட்டி

1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் சாண்டோ பெரிய உடற்கட்டுப் போட்டியை நடத்தினார். துப்பறியும் கதைகள் எழுதிய கோனன் டாயிலும் ஒரு நடுவர். தசையின் பருமன் மட்டும் பார்க்கப்படவில்லை. உடலின் பொருத்தம், தோலின் நிலை, பொதுவான ஆரோக்கியம் ஆகியவையும் கணக்கில் எடுக்கப்பட்டன.

58 வயதில் மரணம்

1925 அக்டோபர் 14 அன்று சாண்டோ காலமானார். வயது 58. பள்ளத்தில் விழுந்த காரைத் தனியாளாகத் தூக்கியதால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று பேசப்பட்டது. பிரேதப் பரிசோதனை நடக்காததால் அது உறுதியாகவில்லை. உலகப் பலசாலியின் சமாதியில் பல ஆண்டுகள் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

சாண்டோ காலத்தில் ஸ்டீராய்டு ஊசி கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 1935ல்தான் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அதன் வழியில் வந்த மருந்துகள் தசையை வளர்க்கும். இதயச் சுவரையும் தடிக்கச் செய்யும். மாத்திரைகள் கல்லீரலைக் கெடுக்கும். போட்டிக்கு முன் தசை எடுப்பாகத் தெரியத் தண்ணீரைக் குறைத்து, சிறுநீர் பிரியும் மாத்திரை விழுங்குவோரும் உண்டு. அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் நிலை தடுமாறி, இதயம் திடீரென நிற்கலாம். ஆஸ்திரிய வீரர் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996ல், போட்டியில் கலந்துகொண்ட சில நாட்களில், பல உறுப்புகள் செயலிழந்து இறந்தார். வயது 31தான்.

"மிஸ்டர் ஒலிம்பியா" வெற்றியாளருக்குத் தரப்படுவது சாண்டோவின் சிலை. ஆனால் சாண்டோ மதிப்பெண் போட்ட ஆரோக்கியத்துக்கு இன்றைய மேடையில் மதிப்பெண் இல்லை.

தாராவியிலும் செம்பூரிலும் வேலை முடிந்து பயிற்சிக்கூடம் செல்லும் தம்பிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி நல்லது. ஊசியை நீட்டுபவர் எவராயினும் மறுத்துவிட வேண்டும். நெஞ்சு வலியோ, கால் வீக்கமோ, மூச்சுத் திணறலோ கண்டால், தாமதிக்காமல் சயான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போட்டி அடுத்த ஆண்டும் வரும். ஊரில் மணியார்டரை நம்பியிருந்த குடும்பத்துக்குப் போன பிள்ளை திரும்பி வரமாட்டான்.