வானத்துப் பேன் செய்த மின்யே

ஆகாயவிமானம் செய்தல் பெருந்தொழிற்சாலைகளுக்கும் அரசாங்கங்களுக்குமே உரிய கருமம் என உலகம் நம்பியிருந்த காலத்தில், மரச்சட்டமும் துணியும் பசையும் கொண்டு ஒருவன் தன் வீட்டிலேயே விமானம் கட்டலாம் என்றார் ஹென்றி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர். சொன்னதோடு அமையாது கட்டியும் காட்டினார்; அதில் ஏறிப் பறந்தும் காட்டினார்; பின்னர் கட்டும் முறை முழுவதையும் நூலாக எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தார். அக்கொடையினால் விளைந்த களிப்பும் உண்டு, துயரமும் உண்டு. பெரியோர் வரலாறு எழுதுவோர் துயரப் பகுதியை இரண்டு வரியிற் கடந்துவிடுவது வழக்கம். மின்யேயின் வரலாற்றில் அப்பகுதியே மாணவர்கள் ஊன்றிப் படிக்கத்தக்கது என நாம் கருதுகின்றோம்.

அன்னார் 1893ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி மேற்குப் பிரான்சிலுள்ள சாந்த் நகரிற் பிறந்தார். மின்சாரவியலிலும் வானொலித் தொழிலிலும் பயின்றவர். இளமையிலேயே, சறுக்குவிமானத்திற் பறந்து உயிர்நீத்த ஒற்றோ லிலியந்தாலின் சகோதரர் குஸ்தாவுடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1912இல் முதற் பொறியை அமைத்தார். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொறிகளைக் கட்டி, தம் பெயரின் முதலெழுத்துக்களோடு எண் சேர்த்து அவற்றை வழங்கினார். 1928இல் தோன்றிய எட்டாவது பொறி ஓரளவு வெற்றியடைந்தது. பிரான்சில் வேறு பலரும் அதனைப் பார்த்துத் தாமும் கட்டினர்.

ஆயினும், விமானம் கட்டவல்ல மின்யேக்கு அதனை ஓட்டும் கலை எளிதில் வாய்க்கவில்லை. கையாற் பிடிகோலையும் காலால் மிதிகளையும் ஒருங்கே இயக்கும் முறை அவருக்குக் குழப்பமாகவே இருந்தது. வேறொருவராயின் தம் கை கால்களை நொந்துகொண்டிருப்பர். இவரோ விமானத்தின் அமைப்பிற் குற்றங் கண்டார்! சாதாரண மனிதனுக்கு ஓட்ட இயலாத அமைப்பை மாற்றிவிட வேண்டும் எனத் துணிந்தார்.

அத்துணிவின் பயனே பதினான்காவது பொறி. சுவாசோன் நகருக்கு அண்மையிலுள்ள காட்டோர வெளியொன்றில் அதனைச் சோதித்து, 1933 செப்டெம்பர் 10ஆந் திகதி அதிற் பறந்தார். ஆறு மீற்றர் அகலமும் மூன்றரை மீற்றர் நீளமுமே கொண்ட சிறு பொறி அது. மோட்டார் சைக்கிளுக்குரிய பதினேழு குதிரைவலு யந்திரம் ஒன்றே அதனை இழுத்தது. முன்னொரு சிறகு, அதன் பின்னே சற்றுத் தாழ மற்றொரு சிறகு. காலால் இயக்கும் மிதிகள் இல்லை. பிடிகோலைப் பக்கவாட்டிற் சாய்த்தால் வாலிலுள்ள பெரிய சுக்கான் திரும்பும். பின்னே இழுத்தால் முன்சிறகு முழுவதும் நிமிர்ந்து மூக்கை உயர்த்தும். ஒரு கையே போதும்.

அக்காலத்துப் பிரெஞ்சு மக்கள், எங்கும் காணப்பட்ட போர்ட் மோட்டார் வண்டியைத் தெருப் பேன் எனக் கேலி செய்வர். அதனை ஒட்டி மின்யே தம் பொறிக்கு வானத்துப் பேன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் அதனைப் பறக்கும் தெள்ளு ஆக்கிக்கொண்டனர். பேனோ தெள்ளோ, பெயர் நிலைத்துவிட்டது.

1934இல் வெளிவந்த அவரது நூல் மரத்தை எப்படி அறுப்பது, ஒட்டுப்பலகையை எங்ஙனம் பிணைப்பது, சிறகின் விலாச்சட்டங்கள்மீது துணியை எவ்வாறு போர்த்து மெழுகுநெய் பூசி முறுக்கேற்றுவது என ஒவ்வொன்றாக விளக்கியது. பெட்டியொன்றைச் செவ்வையாகச் செய்யத் தெரிந்தவன் இதனையும் செய்வான் என்பது அவர் கொள்கை. நமது கல்லூரி மரவேலைக் கூடத்திற் பொருத்து வெட்டிப் பழகிய மாணவர்களுக்கு இக்கூற்று விளங்கும். பொருத்து நெகிழ்ந்தால் நேர்வது என்ன என்பதும் விளங்கும். கதிரை ஆடினால் எழுந்துவிடலாம். ஆயிரம் அடி உயரத்தில் எங்கே எழுவது?

1935 ஓகஸ்ட் 13ஆந் திகதி மின்யே தம் பொறியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இங்கிலாந்து முழுவதும் அவரைக் கொண்டாடியது. நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு மாதத்தில் ஆறாயிரம் பிரதிகள் விற்றது. கொட்டில்களிலும் கூடங்களிலும் நூற்றுக்கணக்கானோர் உளியும் வாளும் எடுத்தனர். யந்திரந்தான் அவர்களுக்குப் பெருந் தலையிடி. சிறு யந்திரங்கள் சூடேறி வலுக்குன்றின; பலர் மோட்டார் வண்டி யந்திரத்தை மாற்றியமைத்துப் பொருத்தினர்.

அடுத்த ஆண்டில் மரணங்கள் தொடர்ந்தன. பறந்துகொண்டிருக்கும் பொறி மூக்கைக் கீழே சாய்க்கும். ஓட்டி பிடிகோலை முழுவதும் இழுப்பார். அது நிமிராது, மேலும் கவிழ்ந்து நிலத்தில் மோதும். கற்றுக்குட்டிகளின் தச்சுவேலைமீது பழி போடுவது எளிதாக இருந்தது. ஆனால் மாண்டோருள் அனுபவம் மிக்க விமானப்படை அதிகாரிகளும் இருந்தனர். எனவே இங்கிலாந்திற் பான்பரோவிலும் பிரான்சிற் சலே-மெதோனிலும் முழுப் பொறியையே பெருங் காற்றுச் சுரங்கத்துள் நிறுத்திச் சோதித்தனர்.

குற்றம் தச்சனிடம் இல்லை, வரைபடத்திலேயே இருந்தது. முன்சிறகின் பின்விளிம்பு பின்சிறகுக்கு மிக நெருங்கியிருந்தது. பிடிகோலை இழுக்க முன்சிறகு நிமிரும். அப்போது அதன் பின்விளிம்பு தாழ்ந்து இடைவெளியை ஒடுக்கும். ஒடுங்கிய வழியால் விரைந்த காற்று பின்சிறகை மேலே தூக்கும். வால் உயர்ந்தால் மூக்குத் தாழும் அன்றோ! சாய்வு ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தபின், உயிர் காக்க வேண்டிய பிடிகோலால் மூக்கை உயர்த்த இயலவில்லை. மின்யே மென்மையாகவே பறந்து பழகியவர். அந்த எல்லைக்கு அவர் சென்றிலர்.

இவ்விடத்தில் நம் கருத்தைக் கூறாது செல்வது முறையன்று. பொறியைச் சோதித்து முடிக்குமுன் நூல் ஓடிவிட்டது. தொழிற்சாலையிற் செய்த பண்டம் பழுதாயின் திருப்பி அழைக்கலாம். ஆயிரம் வீடுகளிற் கிடக்கும் வரைபடத்தை யார் அழைப்பது? கொடுத்த மனம் பெரிது என்பதற்காக இக்கடனை மறந்துவிட இயலாது. அதேவேளை, மின்யே ஓடி ஒளிந்தாரும் அல்லர். சோதனை காட்டிய குற்றத்தை ஏற்றுச் சிறகுகளின் இடைவெளியையும் அமைப்பையும் திருத்தினார். அத்திருத்தங்களோடு புதிய பொறிகளை வரைந்தார். ஆனால் உலகத்தின் மோகம் அதற்குள் தணிந்துவிட்டது. இங்கிலாந்தில் அனுமதிப் பத்திரங்கள் நின்றன. பாதி கட்டிய பேன்கள் கொட்டில்களில் தூசி படிந்தன.

அதன்பின் அமெரிக்கா, ஆர்ஜென்றீனா, யப்பான், மொறோக்கோ எனப் பல தேசங்களில் அலைந்து தம் எண்ணத்தை விடாது பற்றினார். உலகப் போரின் பின்னர் 1946இல் வீட்டிற் கட்டுவோருக்காக மீண்டும் வரைபடம் வெளியிட்டார். 1965இற் காலமானார். அவர் வழியைப் பின்பற்றி எமிலியான் குரோசே முதலியோர் இரட்டைச் சிறகுப் பொறிகளைச் செப்பமுற அமைத்தனர். திருந்திய பேன்கள் பிரான்சில் நன்கு பறந்தன.

பழைய பேன் ஒன்று இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனிலுள்ள ஷட்டில்வேர்த் தொகுப்பிற் பேணப்பட்டுள்ளது. பறப்பதற்காகவன்று, பார்ப்பதற்காக. எட்டி நின்று நோக்குபவர் அச்சிறகுகள் இரண்டும் எத்துணை நெருங்கியுள்ளன என்பதைத் தம் கண்ணாலேயே அளந்துகொள்ளலாம்.