லாரிக்குக் குளிர்ச்சி தந்த ஃபிரெடரிக் ஜோன்ஸ்

(வாழ்க்கை வரலாறு வரிசை)



ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணி கொடியேற்றம் வந்துவிட்டால் நம்ம ஊர்ப் பக்கம் எத்தனை டூரிஸ்ட் பஸ் போகுதுன்னு எண்ணவே முடியாது. அதில் சில பஸ்களின் கூரை மேல் வெள்ளையாக ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சினிமா நடிகர்கள் தங்கும் கேரவன் வண்டியிலும் அதே மாதிரி பெட்டி இருக்கும். நான் சின்னப் பிள்ளையில் அதைத் தண்ணித் தொட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஏ.சி. பெட்டி என்று பிறகுதான் தெரிந்தது.

ஓடுகிற வண்டியிலேயே குளிர்ச்சி உண்டாக்க முடியும், அந்த இயந்திரத்தை உயரத்தில் வைத்தால்தான் அது உழைக்கும் என்று செய்து காட்டியவர்களில் முக்கியமான ஒருவர் பெரிய காலேஜ் எதிலும் படித்தவர் இல்லை. 6-ஆம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஒரு பையன். அவர்தான் ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ்.

பிறப்பும் இளமையும்

ஜோன்ஸ் 1893-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டி நகரப் பகுதியில் பிறந்தார். அப்பா வெள்ளைக்காரர், ரயில்வே தொழிலாளி. அம்மா கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பு நிறத்தவர்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை, தனி வாசல் என்று பல இடங்களில் ஒதுக்கி வைத்தார்கள்.

சின்ன வயதிலேயே அவருக்கு அம்மா இல்லாமல் போய்விட்டார். அப்பாவால் தனியாக வளர்க்க முடியவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரிடம் மகனை ஒப்படைத்தார். கொஞ்ச நாளில் அப்பாவும் இறந்துவிட்டார். பாதிரியார் வீட்டில் பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, தோட்ட வேலை என்று எல்லாம் செய்துகொண்டே ஜோன்ஸ் படித்தார். 6-ஆம் வகுப்போடு படிப்பு நின்றது. 11 வயதில் அங்கிருந்து கிளம்பி, தன் பிழைப்பைத் தானே பார்க்க ஆரம்பித்தார்.

11 வயது என்றால் நம்ம பள்ளியில் 6-ஆம் வகுப்பு. அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

பட்டறையே பள்ளிக்கூடம்

சின்சினாட்டியில் ஒரு மோட்டார் பட்டறையில் தரை பெருக்கும் வேலை கிடைத்தது. பெருக்கிக்கொண்டே மெக்கானிக்குகள் எந்த நட்டை எப்படிக் கழற்றுகிறார்கள், எந்தச் சத்தம் வந்தால் எஞ்சினில் என்ன கோளாறு என்று கவனித்தார். 14 வயதில் அவரே மெக்கானிக் ஆகிவிட்டார். அதாவது இப்போது எனக்கு என்ன வயதோ அந்த வயதில்!

1912-இல் வடக்கே மினசோட்டா மாநிலத்தில் ஹாலக் என்ற சின்ன ஊருக்குப் போனார். நம்ம டெல்டா மாதிரி அதுவும் விவசாயப் பூமிதான். ஆனால் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அங்கே ஒரு பெரிய பண்ணையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தார். பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு. மின்சாரம், இயந்திரம் பற்றிய புத்தகங்களைத் தானாகவே படித்தார். சொல்லித் தர ஆள் கிடையாது. புரியாததைக் கையால் செய்து பார்த்துப் புரிந்துகொண்டார்.

முதல் உலகப் போர் வந்தது. ஜோன்ஸ் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். அங்கே முகாம்களுக்கு மின்சார ஒயர், டெலிபோன் ஒயர் இழுக்கும் வேலைகளைச் செய்தார். போர் முடிந்ததும் ஹாலக்குக்கே திரும்பினார். ஊரில் வானொலி நிலையம் தொடங்கியபோது ஒலிபரப்புக் கருவியைச் செய்து கொடுத்தார். பனியில் டாக்டர்கள் நோயாளி வீட்டுக்குப் போக முடியாமல் கஷ்டப்பட்டபோது, பனிச்சறுக்குக் கட்டைகளும் காற்றாடியும் வைத்து ஒரு பனி வண்டி செய்தார். பேசும் படம் வந்த புதிதில் ஊர் தியேட்டருக்கு ஒலிக் கருவியும் செய்தார். விலைக்கு வாங்க அந்தத் தியேட்டருக்கு வசதி இல்லை. அதனால் கிடைத்த பழைய பாகங்களை வைத்தே செய்தார்.

இந்தச் செய்தி மினியாபொலிஸ் நகரில் சினிமாக் கருவிகள் விற்ற ஜோசப் நூமெரோ என்பவருக்குப் போனது. 1930 வாக்கில் அவர் ஜோன்ஸைத் தன் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் இயந்திரம் ஒன்றுக்கு 1939-இல் ஜோன்ஸுக்குக் காப்புரிமை கிடைத்தது.

கெட்டுப்போன கோழிகள்

இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

அந்தக் காலத்தில் இறைச்சி, பால், காய்கறி எல்லாவற்றையும் லாரியில் ஐஸ் கட்டியும் உப்பும் போட்டுத்தான் அனுப்புவார்கள். வழியில் லாரி நின்றுவிட்டாலோ, வெயில் அதிகமானாலோ ஐஸ் கரைந்துவிடும், சரக்கு நாறிவிடும். 1938-இல் ஒரு லாரிக் கம்பெனி முதலாளியின் ஒரு லோடு கோழி முழுவதும் வெயிலில் கெட்டுப்போனது. அவர் நூமெரோவின் நண்பர். தியேட்டருக்கு ஏ.சி. இருக்கும்போது லாரிக்கு ஏன் இல்லை என்ற பேச்சு அவர்களுக்குள் வந்தது. நூமெரோ விளையாட்டாகப் பேசியதை ஜோன்ஸ் நிஜமாக எடுத்துக்கொண்டார். லாரியை அளந்தார், கணக்குப் போட்டார், முடியும் என்று சொல்லிவிட்டார்.

ஏ.சி. அதற்கு முன்பே உண்டு. 1902-இல் வில்லிஸ் கேரியர் ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். ஆனால் அது ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் இயந்திரம். லாரியோ குண்டு குழியில் தூக்கித் தூக்கிப் போடும். குழாய் விட்டுப்போகும், வாயு கசிந்துவிடும். வண்டியில் கரண்டும் கிடையாது.

ஜோன்ஸ் சின்ன பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் சேர்த்து, கிடைத்த பாகங்களைக் கொண்டு முதல் இயந்திரத்தைச் செய்தார். அதை லாரியின் அடியில் மாட்டினார். குளிர்ச்சி வந்தது. ஆனால் கனம் அதிகம். சாலையின் சேறும் தூசியும் அடித்து இயந்திரம் கெட்டுப்போனது.

அவர் மனம் தளரவில்லை. கீழே சேறு அடிக்கிறது என்றால் மேலே கொண்டுபோக வேண்டியதுதானே? கனத்தைக் குறைத்து, ஆட்டத்தைத் தாங்கும்படி மாற்றி, வண்டியின் முன்பக்கம் உயரத்தில் வைத்தார். சேறு போயே போச்சு! வண்டி ஓடும்போது காற்றும் நன்றாகக் கிடைத்தது. உள்ளே சூடு ஏறினால் எஞ்சின் தானாக ஓடும், போதுமான அளவு குளிர்ந்ததும் தானாக நிற்கும். இந்த வேலைக்காகவே நூமெரோவும் ஜோன்ஸும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் பிறகு தெர்மோ கிங் என்று பெயர் பெற்றது. ஏ.சி. பெட்டிக்கான அவருடைய முக்கியமான காப்புரிமை ஒன்று 1949-இல் கிடைத்தது.

அது எப்படி குளிர்விக்கிறது?

நம்ம அறிவியல் பாடம்தான். சானிடைசரோ டிஞ்சரோ கையில் பட்டால் ஜில்லுன்னு இருக்கும். ஏனென்றால் திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஏ.சி.க்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. கம்ப்ரசர் ஒரு வாயுவை அழுத்துகிறது. அழுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டை வெளியே உள்ள குழாய்ச் சுருள் காற்றில் விட்டுவிடும், வாயு திரவமாகும். பிறகு அது சின்னத் துவாரம் வழியாக உள் சுருளுக்குப் போய் விரிந்து ஆவியாகும். அப்போது வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதாவது ஏ.சி. குளிரை எங்கிருந்தோ கொண்டு வரவில்லை, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது.

கேரவன் வண்டிகளில் இதைக் கூரையில் வைப்பதற்கு இன்னும் காரணம் உண்டு. சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும். உள்ளே இடமும் அடைக்காது. அமெரிக்கக் கேரவன்களில் இதற்காகக் கூரையில் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் சதுரத் துவாரம் விடுவது வழக்கம். சுற்றி ரப்பர் பட்டை வைத்து, மேல் பெட்டியை உட்கார வைத்து, உள்பக்கமிருந்து போல்ட் முடுக்குவார்கள். குறைவாக முடுக்கினால் மழைத் தண்ணீர் ஒழுகும். ரொம்ப முடுக்கினால் ரப்பர் நசுங்கி, அப்பவும் ஒழுகும்! கூரை அந்தக் கனத்தைத் தாங்குமா என்றும் முதலிலேயே பார்க்க வேண்டும். ஏ.சி. ஓடத் தொடங்கும் அந்த நிமிஷத்தில் கரண்டு மிக அதிகமாக இழுக்கும், அதனால் ஜெனரேட்டர் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். வடிகட்டியில் தூசி அடைத்தால் குளிர்ச்சி குறையும். வண்டியை மர நிழலில் நிறுத்தினால் இயந்திரத்துக்குப் பாதிச் சுமை குறைந்த மாதிரி. வண்டியின் உயரம் கூடிவிடுவதால், தாழ்வான பாலத்திலும் மரக்கிளையிலும் இடிக்காமல் ஓட்டவும் வேண்டும்.

போரில் காத்த உயிர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது ஜோன்ஸின் குளிர்சாதனங்கள் ராணுவத்துக்குப் பெரிய உதவியாக இருந்தன. காயம்பட்டவர்களுக்கு ஏற்றும் ரத்தம், மருந்து, உணவு எல்லாம் கெடாமல் போர்முனை வரை போயின. கோழி கெடக்கூடாது என்று செய்த இயந்திரம் மனித உயிரையும் காப்பாற்றியது.

நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வைக்க வேண்டும். ஊசி தயாராகும் இடத்திலிருந்து நம்ம கைக்கு வரும்வரை அந்தக் குளிர் அறுபடக்கூடாது. அந்த நீண்ட பயணத்தில் ஒரு பகுதி குளிர்சாதன வண்டியில்தான் நடக்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சென்னைக்கு ஐஸ் கட்டியே அமெரிக்காவிலிருந்து கப்பலில்தான் வந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அதைச் சேமித்து வைக்க 1842-இல் மெரினா கடற்கரைப் பக்கம் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அவ்வளவு தூரத்திலிருந்து ஐஸைச் சுமந்து வந்த காலம் போய், வண்டியே குளிரைத் தயாரிக்கும் காலம் ஒரு நூறு ஆண்டுக்குள் வந்துவிட்டது.

பெருமைகளும் மறைவும்

1944-இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தில் ஜோன்ஸ் உறுப்பினரானார். அதில் இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பட்டம் பெற்ற எஞ்சினியர்கள் அவரிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். தம் வாழ்நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார். அதில் சுமார் நாற்பது குளிர்சாதனம் பற்றியவை.

1961-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் மினியாபொலிஸில் தமது 67-ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். 30 ஆண்டு கழித்து, 1991-இல், அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கும் நூமெரோவுக்கும் வழங்கப்பட்டது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஜோன்ஸ். அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

இதை நான் ஏன் எழுதினேன்?

எங்க அத்தை விடியற்காலையில் எழுந்து நாகப்பட்டினம் போய் மீன் எடுத்து வந்து, தெருத்தெருவாகக் கூடையில் விற்கிறார். கத்திரி வெயிலில் 11 மணிக்குள் ஐஸ் எல்லாம் தண்ணியாகிவிடும். அதுக்கு மேல பாதி விலைக்குத்தான் கேட்பாங்க. போன சித்திரையில் ஒருநாள் பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டது. அரைக் கூடை மத்தி அப்படியே கெட்டுப்போச்சு. அதைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு, அத்தை கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்னிக்கு அவர் யாரிடமும் பேசவில்லை. வட்டிக்கு வாங்கிய பணம் அது.

துறைமுகத்திலிருந்து வெளியூர் போகும் மீனுக்குக் குளிர்சாதன வண்டி இருக்கிறது. தலையில் போகிற கூடைக்கு இன்னும் ஒன்றும் இல்லை. ஜோன்ஸ் கதையை நூலகப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வந்தது. யாரோ ஒருவருடைய கோழி கெட்டுப்போனதை அவர் தன் கணக்காக எடுத்துக்கொண்டார். அதனால்தான் அந்த இயந்திரம் பிறந்தது.

தோழர்களே! நம்ம வீட்டிலும் வயலிலும் வீணாகிப்போகிற பொருளைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், ஏன் கெடுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று யோசிப்போம். முதல் தடவை சேறு அடித்துக் கெட்டுப்போனாலும் பரவாயில்லை. கழற்றி மேலே மாட்டுவோம்.



சிந்திக்கச் சில கேள்விகள் (விடைகள் மேலேயே உள்ளன)

1. ஜோன்ஸ் முதலில் இயந்திரத்தை லாரியின் எந்தப் பகுதியில் மாட்டினார்? ஏன் மாற்றினார்?
2. கேரவன் கூரையில் ஏ.சி. வைப்பதால் என்ன நன்மை?
3. தடுப்பூசிகளை எத்தனை டிகிரி குளிரில் வைக்க வேண்டும்?

– 9-ஆம் வகுப்பு மாணவி, கீழ்வேளூர்