கண்ணுக்குத் தெரியாத வேலையாட்களைக் கண்டவர்

அலோர் ஸ்டாரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆறடி நீள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஒரே ஒரு மீன்தான். எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய வெள்ளி அரோவானா. விரல் நீளத்தில் வந்தது, இன்று என் கை நீளத்தை நெருங்கிவிட்டது.

சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது தொட்டியின் வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சு முழுவதும் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. குழாயடியில் வைத்து வெள்ளைவெளேர் என்று ஆகும்வரை கழுவினேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆசையாகத் தின்னும் இறாலைப் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரோ கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

மீன்கடை அண்ணனிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அழுக்கென்று நினைத்து நான் கழுவியது உயிருள்ள பாக்டீரியா. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சை மாற்றிக்கொண்டிருந்தது அதுதான். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அதைக் கொன்றுவிட்டது. அன்றிரவு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மீனைப் பார்த்தபடியே விழித்திருந்தேன். இந்த உயிர்களை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று தேடியபோதுதான் செர்கெய் வினோகிராட்ஸ்கி எனக்கு அறிமுகமானார்.

1856-இல் கீவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்நகரம் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. முதலில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், பிடிக்கவில்லை. அறிவியலுக்கு மாறினார், அதிலும் மனம் நிற்கவில்லை. பிறகு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் பியானோ பயின்றார். கடைசியில் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் அறிவியலுக்கே திரும்பினார். எந்தத் துறையை எடுப்பது என்று தவிக்கும் நம்மில் பலருக்கு இவர் ஓர் ஆறுதல்.

1885-இல் ஸ்ட்ராஸ்பர்க் சென்று அன்டன் டி பாரி என்ற புகழ்பெற்ற தாவரவியலாளரிடம் ஆய்வில் சேர்ந்தார். கந்தக ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்து, அவை கந்தகச் சேர்மங்களிலிருந்தே வாழ்வதற்கான ஆற்றலைப் பெறுகின்றன என்று காட்டினார். உயிர்கள் வாழச் சூரிய ஒளியோ பிற உயிர் தந்த உணவோ வேண்டும் என்று அறிவியல் உலகம் எண்ணியிருந்த காலம் அது.

அடுத்து சூரிச் நகரில் அமோனியாவைக் கையிலெடுத்தார். மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் வேலைதான் என்பதை 1877-லேயே பிரான்சின் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் ஆகிய இருவரும் காட்டியிருந்தனர். சாக்கடை நீரை மணலுக்குள் மெல்ல வடியவிட்டபோது நைட்ரேட் வந்தது. மணலில் குளோரோஃபார்ம் சேர்த்ததும் நின்றுபோனது. நான் குளோரினால் அறியாமல் செய்ததை அவர்கள் தெரிந்தே செய்திருக்கிறார்கள்!

ஆனால் அந்த உயிரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாமல் பலர் திணறினர். பாக்டீரியா வளர்க்க வழக்கமாகப் பயன்படும் சத்தான ஜெலட்டினையே அவர்களும் பயன்படுத்தினர். அதில் வேறு கிருமிகள் கொழித்தன, தேடிய உயிர் மட்டும் வளரவில்லை. வினோகிராட்ஸ்கி கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்த உயிருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தார். சத்துணவு எதுவுமில்லாமல், அமோனியாவும் சில தாது உப்புகளும் மட்டும் கலந்த நீரைக் கொடுத்தார். ஜெலட்டினுக்குப் பதில், மணலின் மூலப்பொருளான சிலிக்காவில் செய்த கூழைப் பயன்படுத்தினார். பாக்டீரியா வளர்ந்தது.

1890, 1891 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று நம் பாடநூல்களில் வரும் பெயர்கள் அவர் சூட்டியவை. (மீன்தொட்டிகளில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று பின்னர் தெரியவந்தது. இரண்டு வேலையையும் தனியே செய்யும் பாக்டீரியா 2015-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிடைத்த இடங்களில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டி!)

1905-இல் ஓய்வு பெற்று, தம் சொந்த நிலத்துக்குப் போய்விட்டார். பிறகு ரஷ்யப் புரட்சி வந்தது. சொத்தை இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். பெல்கிரேடில் சிறிது காலம் கற்பித்தார். 1922-இல், 65 வயதைக் கடந்த நிலையில், பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கழகம் அழைத்தது. பிரான்சின் ப்ரி-கோம்ட்-ரோபேர் என்ற சிற்றூரில் மண்ணின் நுண்ணுயிர்களைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1949-இல், 90 வயதைத் தாண்டி, தம் வாழ்நாள் ஆய்வுகளைத் தொகுத்து நூலாக்கினார். 1953-இல் அங்கேயே மறைந்தார்.

அவர் கதையைப் படித்த பிறகு என் தொட்டிக்குத் திரும்பினேன். அந்த பாக்டீரியாவின் வேலை நைட்ரேட்டோடு முடிந்துவிடுகிறது. நைட்ரேட் அமோனியா அளவுக்குக் கொடிய நஞ்சில்லை, ஆனால் தானாக எங்கும் போகாது. இறாலும் மீனும் தின்னும் அரோவானாவின் உணவில் புரதம் அதிகம். புரதத்தில் நைட்ரஜன் உண்டு. ஆகவே நைட்ரேட்டும் வேகமாகச் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது என்று வையுங்கள். வாரந்தோறும் கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் அது ஏறி ஏறி 80-இல் போய் நிற்கும். பாதியை மாற்றினால் 40-ஐத் தாண்டாது. பெரிய மீன் வளர்ப்போர் பலர் விரும்பும் எல்லையும் 40தான். தினமும் திகட்டத் திகட்டத் தீனி போடாமலிருப்பதும், மணி பிளாண்ட் வேரைத் தொட்டி நீரில் விடுவதும் உதவும்.

என் மீன் பிழைத்துக்கொண்டது. இப்போது பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோவதில்லை. தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாக அலசுகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வாரங்களில் அப்பாதான் பாதித் தண்ணீரை மாற்றுகிறார், புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியும் மறக்காமல் சேர்க்கிறார். பழுப்பு நிறம் முழுவதும் போகாவிட்டால் அவருக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தல்தான். எனக்கு அதைப் பார்த்தால்தான் நிம்மதி.